கரையோரத்துக்கு வேண்டிய வக்கீல்

(இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான காரங்காட்டில், சட்டக் கல்லூரி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் ஊர் மக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கறிஞர் ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு அதில் தேர்ச்சி பெற வேண்டுமா, மனம் விரும்பும் வழியில் போக வேண்டுமா? இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. சட்டம் படிக்கிற பிள்ளைகள் கடைசி ஆண்டுக்கு வந்ததும் இந்தக் கேள்வி அவர்களைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில், "வருமான வரி, கம்பெனி என்று எதையாவது படி, நாலு காசு பார்க்கலாம்" என்பார்கள். கூட்டங்களுக்குப் போனால், "உங்கள் நெஞ்சு சொல்வதைக் கேளுங்கள்" என்பார்கள். சீனியரிடம் கேட்டால், "முதலில் வாய்தா வாங்கப் பழகு" என்பார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றையும் கேட்ட பிள்ளை குழம்பிப் போகிறது.

என் பதிலைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு துறையை அடி ஆழம் வரை படியுங்கள். அது எந்தத் துறை என்று முடிவு செய்யும் வேலையை மட்டும் மனசிடம் விடுங்கள். எந்த மனிதர்களுடைய கஷ்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லையோ, அந்த மனிதர்களுக்குப் பயன்படும் சட்டம்தான் உங்கள் துறை. விருப்பம் அங்கே தொடங்குகிறது. அதற்குப் பிறகு இருப்பது படிப்பு, படிப்பு, மறுபடியும் படிப்பு.

இதை மதுரையில் ஒரு குளிரூட்டிய அரங்கத்தில் பேசியிருக்கலாம். காரங்காட்டில் பேசலாம் என்று நான் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து எழுந்து படகுத்துறைக்கு நடந்து பாருங்கள். எதிரே தெரியும் அலையாத்திக் காடு வனத்துறையின் பார்வையில் இருக்கிறது. அந்தக் காடு நிற்கும் சேறு, 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி முதல் வகையில் வருகிறது. அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு. காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அதைச் சுற்றி 50 மீட்டரும் அதே வகைதான். கழிமுகத்தைத் தாண்டி நண்டு வலை போடப் போகிறவருக்கு 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. வலையில் ஆவுளியா என்ற கடல் பசு சிக்கினால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நிலத்துப் பக்கம் யாராவது இறால் பண்ணை வெட்டினால் 2005-ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். இன்னும் கிழக்கே போனால், 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் போட்டுக்கொண்ட எல்லை ஒப்பந்தங்கள். அதற்கு அப்பால் இன்னொரு நாட்டுச் சட்டம். சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிக் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்களே, அந்த வருமானத்தில் ஊருக்கு என்ன பங்கு, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதும் சட்டக் கேள்விதான்.

ஒரு நாளில் ஒரு மீனவர் கால் வைக்கும் இடங்கள் இவை. இத்தனை சட்டம் இருக்கும் இடத்தில் இவற்றைப் படித்த வக்கீல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பாகப்பிரிவினை வழக்கு என்றால் திருவாடானையில் சிறப்பாக நடத்தித் தரக் கூடியவர்கள் இருக்கிறார்கள். செக் மோசடி, ஜாமீன், விபத்து இழப்பீடு, ஜீவனாம்சம் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. கடற்கரை மண்டல வரைபடத்தை விரித்து வைத்து, "உயர் அலைக் கோடு இதோ இந்த சர்வே எண் வழியாகப் போகிறது" என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தவர்கள் அரிது.

சிற்றூர் வக்கீலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கை எனக்குத் தெரியும். காலையில் முன்சீப் கோர்ட்டில் ஒரு தடை உத்தரவு மனு, பதினோரு மணிக்கு மேஜிஸ்திரேட் முன்னால் ஒரு ஜாமீன், மதியம் பத்திரப் பதிவு அலுவலகம், சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் கட்சிக்காரர்கள். படி ஏறி வரும் வழக்கை "இது என் துறை இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அடுத்த மாத வாடகை நிற்கும். துறைத் தேர்ச்சி என்பது பெருநகரத்து வசதி என்று அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

விதிகளும் அவருக்குத் துணையாக இல்லை. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதே விதியில், இன்ன வகை வேலையில் தேர்ந்தவர் என்று பெயர்ப் பலகையில் எழுதக் கூடாது என்றும் இருக்கிறது. 2008-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இணையதளத்தில் தொழில் செய்யும் துறையைக் குறிப்பிடலாம். வாசலில் தொங்கும் பலகையில் கூடாது. அமெரிக்காவில் கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் 1970-களிலிருந்தே தேர்வு வைத்து, இவர் இந்தத் துறையில் தேர்ந்தவர் என்று சான்று கொடுக்கின்றன. நம்மிடம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. வக்கீல் தொழில் கடைத்தெரு வியாபாரம் ஆகிவிடக் கூடாது என்ற எண்ணத்தோடு வந்த விதி அது, அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஊர்த் தாய் ஒருவர், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மகனை மீட்க யாரிடம் போவது என்று தேடும்போது, அவருக்கு வழிகாட்ட எந்தப் பலகையும் இல்லை. யாரோ சொன்ன பெயரை நம்பிப் போக வேண்டியிருக்கிறது.

துறை தெரியாத நல்ல மனசு என்ன செய்துவிடும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

கரையோரத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிடுகிறது. உத்தரவு இணையதளத்தில் ஏறுகிறது, செய்தித்தாளில் ஒரு மூலையில் அறிவிப்பு வருகிறது. ஊரில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு மாதம் போகிறது. ஜேசிபி வந்து நின்றதும் ஊர் கூடுகிறது. தெரிந்த வக்கீலிடம் ஓடுகிறார்கள். நல்ல மனிதர், மீனவர் மேல் அன்பு உள்ளவர், பீஸ் கூட வேண்டாம் என்கிறார். கையில் இருக்கும் வழியைப் பிடிக்கிறார். முன்சீப் கோர்ட்டில் உறுத்துக் கட்டளைப் பரிகாரம் கேட்டு ஓர் அசல் வழக்கு, கூடவே இடைக்காலத் தடை மனு. எதிர்த்தரப்பு பதில் போட அவகாசம் கேட்கிறது. இரண்டு வாய்தா. பிறகு அவர்களுடைய வக்கீல் எழுந்து 2010-ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29-ஆம் பிரிவை வாசிக்கிறார். தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. வழக்கு விழுகிறது.

சரி, சென்னையில் உள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம் என்று கிளம்புகிறார்கள். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு அங்கே காத்திருக்கிறது. அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மொத்தம் 90 நாள். தொண்ணூற்றோராம் நாள் போனால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தீர்ப்பாயத்தால் அதை எடுக்க முடியாது. காரணம் கேட்டு மன்னிக்கும் அதிகாரத்தையே சட்டம் அதற்குக் கொடுக்கவில்லை. முன்சீப் கோர்ட் வாய்தாக்களில் கரைந்து போனது அந்த 90 நாள்தான். அந்த வக்கீலின் மனசில் எந்தக் குறையும் இல்லை. அவருக்குத் தெரியாமல் போனது இரண்டே இரண்டு பிரிவுகள். அதற்கு விலை ஊர் கொடுத்தது.

இன்னொன்று. இந்தக் கரையில் கடல் அட்டை எடுப்பது தலைமுறைத் தொழிலாக இருந்தது. மூச்சை அடக்கி முங்கி, அட்டை எடுத்து, அவித்து, உலர்த்தி விற்றார்கள். 2001-ல் மத்திய அரசு அதை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. குறைந்தது மூன்றாண்டு சிறை. அக்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கினால் எடுக்கலாம், இக்கரையில் தொட்டால் குற்றம். அது சரியா தவறா என்பது பெரிய விவாதம், இன்றைக்கு அதற்குள் போகவில்லை. அப்படிப் பிடிபட்டவருக்காக ஜாமீன் மனு போடும் வக்கீல் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

அரசு வக்கீல் 51-ஏ பிரிவைக் காட்டுவார். முதல் அட்டவணைக் குற்றத்தில், ஆள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஒழிய ஜாமீன் கூடாது என்பார். நம் வக்கீல், "ஏழைக் குடும்பம், மூன்று பிள்ளைகள், கருணை காட்ட வேண்டும்" என்று கெஞ்சுவார். அந்தப் பிரிவை முழுதாக ஒரு முறை வாசித்திருந்தால் போதும். இதே சட்டத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவருக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. முதல் முறை பிடிபட்டவருக்கு அது பொருந்தாது. கருணை கேட்க வேண்டிய இடமே இல்லை, சட்டத்தைக் கேட்க வேண்டிய இடம். அடுத்து 55-ஆம் பிரிவு. இந்தக் குற்றத்தில் காவல்துறை குற்றப்பத்திரிகையை மட்டும் வைத்து நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது. சட்டம் குறிப்பிடும் ஒருவர் முறையாகப் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதைக் கேட்கத் தெரிந்தவருக்கு அங்கேயே ஒரு வாசல் திறக்கிறது. தெரியாதவருடைய கட்சிக்காரர் ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு நடக்கிறார். ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு ஒரு நாள் தொழில் போனதற்குச் சமம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நண்டுக்கு ஒரு வலை, சூடைக்கு ஒரு வலை, இறாலுக்கு ஒரு வலை வைத்திருக்கிறீர்கள். சூடை வலையில் நண்டு ஏறினால் வலைதான் கிழியும். எல்லா மீனுக்கும் ஒரே வலை என்று யாராவது வந்து விற்றால் நீங்கள் வாங்க மாட்டீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, விருப்பத்துக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது இறால் பண்ணை வழக்கு. இந்தியச் சட்டப் புத்தகங்களில் அது எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம் என்று இருக்கும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கிளம்பிய வழக்கு. மனுதாரர் காந்தியவாதி சங்கரலிங்கம் ஜெகந்நாதன், பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர். பூதான இயக்கத்தில் கால் தேய நடந்தவர். அவரும் துணைவியார் கிருஷ்ணம்மாளும் நாகப்பட்டினம் பகுதியில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தார்கள். அப்போதுதான் கரையெங்கும் இறால் பண்ணைகள் வந்தன. வயலுக்குள் உப்புத் தண்ணீர் நின்றது, குடிநீர்க் கிணறு கரித்தது, விவசாயக் கூலிகளுக்கு வேலை போனது, மீனவர் கடலுக்குப் போகும் பாதையில் வேலி வந்தது. முதியவர் ஜெகந்நாதன் சத்தியாகிரகம் செய்து பார்த்தார். கடைசியில் 1994-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அவர் வக்கீல் இல்லை. அவரிடம் இருந்தது மனசு. அவருக்காக வாதாடியவர் எம்.சி. மேத்தா. ஜம்முப் பகுதியில் பிறந்து, 1980-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவர். தாஜ்மகால் புகையில் கறுப்பதைப் பற்றி 1984-ல் மனுப் போட்டார். அடுத்த ஆண்டு கங்கை மாசு. அதே ஆண்டு டெல்லியில் ஓலியம் வாயுக் கசிவு வழக்கு. அவர் தொடங்கிய நேரத்தில் சுற்றுச்சூழல் சட்டம் என்று ஒரு துறையே இந்திய நீதிமன்றங்களில் கிடையாது. எந்தக் கல்லூரியும் அதை அவருக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது, எந்த சீனியரும் பழக்கியிருக்க முடியாது. அவருடைய விருப்பம்தான் அந்தத் துறையை உண்டாக்கியது. இந்த இடத்தில் "நெஞ்சு சொல்வதைக் கேள்" என்பவர்கள் பக்கம் நியாயம் முழுதாக இருக்கிறது. சந்தையில் விலைபோகும் துறைகளை மட்டும் பார்த்து மேத்தா தேர்ந்தெடுத்திருந்தால், ஜெகந்நாதன் டெல்லிக்குப் போன நாளில் அவருக்கு ஆள் இருந்திருக்காது.

ஆனால் மேத்தா வெறும் ஆவேசத்தோடு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் பண்ணைகளை நேரில் பார்த்துக் கொடுத்த அறிக்கைகள் அந்த வழக்கின் முதுகெலும்பு. கிணற்று நீரில் உப்பு ஏறியதை விஞ்ஞானி எழுதினார், அதை 1991-ஆம் ஆண்டுக் கடற்கரை மண்டல அறிவிக்கையின் வாசகத்தோடு சேர்த்து வைக்க வக்கீலுக்குத் தெரிந்திருந்தது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பு சொன்னது. கடற்கரை மண்டலத்துக்குள் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், வேலை இழக்கும் தொழிலாளிகளுக்கு ஆறாண்டுக் கூலி தர வேண்டும், கெட்டுப்போன சூழலுக்கும் மக்களுக்கும் பண்ணை முதலாளிகள் இழப்பீடு கொடுக்க வேண்டும். பழைய முறை வளர்ப்புக்கு விலக்கு. கரையோர மக்களுக்கு அது பெரிய தீர்ப்பு.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கூட்டங்களில் இதை 1996-ஓடு நிறுத்திவிடுகிறார்கள். தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே, இடித்து அகற்றும் உத்தரவு மறுஆய்வில் நிறுத்தி வைக்கப்பட்டது. 1997-ல் நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. அப்போது அது சட்டமாகவில்லை. 2005-ல் ஆனது. அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை ஒவ்வொரு மாணவரும் எடுத்துப் படிக்க வேண்டும். கடலோர இறால் வளர்ப்புக்கு 1991 அறிவிக்கையின் தடை பொருந்தாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதுவும் 1991 பிப்ரவரி 19 முதலே பொருந்தாது என்று பின்தேதியிட்டுச் சொல்கிறது. எந்த வாசகத்தின் மேல் நின்று ஜெகந்நாதன் வென்றாரோ, அந்த வாசகமே காலடியிலிருந்து உருவப்பட்டது. தெருவில் ஊர்வலம் போகவில்லை, சத்தம் வரவில்லை. சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு பிரிவு, அவ்வளவுதான்.

இருந்தாலும் அதே 2005 சட்டத்தின் 13-ஆம் பிரிவில், உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணை கூடாது என்று இருந்தது. ஓடைகளிலும் கழிமுகங்களிலும் கூடாது என்றும் இருந்தது. 2023-ல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இன்றைக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வந்தால் கையில் எடுக்க வேண்டியது திருத்திய அந்தப் பிரிவைத்தான். 1996 தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நீதிமன்றம் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆர்வம் உள்ளவர் தீர்ப்பைப் படிப்பார். துறையில் இருப்பவர் தீர்ப்புக்குப் பிறகு வந்த ஒவ்வொரு அரசிதழையும் படிப்பார். ஒரு மேத்தா வென்று கொடுத்ததைக் காப்பாற்ற, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருவராவது அப்படிப் படித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த ஆட்கள் நம்மிடம் இல்லாமல் போனார்கள் என்பதே என் பெரிய வருத்தம்.

துறைத் தேர்ச்சியைப் பற்றி ஓர் அச்சமும் உண்டு. தேர்ந்த வக்கீல் கடைசியில் பணம் உள்ள பக்கம் போய்விடுவார், கடற்கரைச் சட்டம் படித்தவர் ஓட்டல் முதலாளிக்கு ஆலோசகர் ஆகிவிடுவார் என்கிறார்கள். அப்படிப் போனவர்களும் உண்டு. ஆனால் இந்த மாவட்டத்துப் பழைய கதை ஒன்று வேறு விதமாகப் பேசுகிறது. 1874-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர் எஸ். சீனிவாச ஐயங்கார். இந்துச் சட்டத்தில் அவருக்கு இருந்த புலமை சாதாரணமில்லை. மெய்னின் இந்துச் சட்ட நூலைப் பதிப்பித்தவர். 1916-ல் சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல் ஆனார். 1920-ல் அந்தப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு விடுதலைப் போராட்டத்துக்கு வந்தார். 1926-ல் கௌஹாத்தி காங்கிரஸ் மாநாட்டின் தலைவர். தேர்ச்சி அவரை விலைக்கு வாங்கவில்லை. மாறாக, அவர் பதவி விலகியபோது அந்த விலகலுக்கு எடை கொடுத்தது அந்தத் தேர்ச்சிதான்.

வ.உ.சி.யைக் காட்டி, "அவர் நெஞ்சு சொன்னபடி கப்பல் ஓட்டவில்லையா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஓட்டினார். அதற்கு முன் அந்தக் கம்பெனியைச் சட்டப்படி நிறுத்தினார். 1906 அக்டோபரில் 1882-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தார்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வெள்ளை அரசாங்கத்தின் சட்டத்துக்குள்ளேயே வெள்ளைக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியை உண்டாக்கினார். உணர்ச்சி மட்டும் இருந்திருந்தால் அந்தப் பங்குகளை விற்றிருக்க முடியாது. நம் காலத்தில் வழக்கறிஞராக இருந்த கே. சந்துருவும் அப்படித்தான். தொழிலாளர் வழக்குகளில் ஊறிய அவர், 1993-ல் காவல் நிலையத்திலிருந்து காணாமல் போன இராஜாக்கண்ணுவுக்காக ஆட்கொணர்வு மனுப் போட்டார். துறை மாறியது, ஆனால் ஆவணத்தைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் கூடவே வந்தது. அந்தப் பழக்கம் ஒரு துறையில் ஆழமாக இறங்கினால்தான் வரும்.

இந்த மண்ணிலிருந்தே இன்னொரு வழக்கு. மாணவர்களுக்கு அது பரீட்சைக் கேள்வியாகத் தெரியும், அது தங்கள் ஊர் வழக்கு என்று பலருக்குத் தெரியாது. இராமநாதபுரம் ஜமீனில் சேதுபதி ஆண் வாரிசில்லாமல் இறந்த பிறகு, அரசி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தார். கணவர் அனுமதி தராமல் விதவை தத்து எடுக்க முடியாது என்று மதுரைக் கலெக்டர் எதிர்த்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868-ல் தீர்ப்பு. திராவிட நாட்டு வழக்கப்படி, கணவரின் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்து எடுக்கலாம். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு எழுதி வைத்த சட்ட நூலைவிட மேலோங்கும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இந்துச் சட்டத்தில் சொன்ன வார்த்தை அது, அப்படியே தூக்கிக் கடற்கரைக்குப் போட முடியாது. ஆனால் அன்றைய வக்கீல்கள் செய்த வேலையைப் பாருங்கள். ஊர் ஊராக என்ன வழக்கம் இருந்தது என்று சாட்சியும் ஆவணமும் சேர்த்து, கடல் தாண்டிய நீதிபதிகளை ஏற்கச் செய்தார்கள். இந்தக் கரையில் எந்த இடத்தில் படகு ஏற்றுவது, எங்கே வலை காயப்போடுவது, எந்த ஓடையில் யார் தூண்டில் போடுவது, பெண்கள் எங்கே சிப்பி பொறுக்குவது என்று தலைமுறையாக ஒரு முறை இருக்கிறது. எதற்கும் பட்டா இல்லை. முறை எல்லோருக்கும் தெரியும், தாளில் எங்கும் இல்லை. நாளைக்கு ஒரு வேலி வந்தால் நீதிபதி தாளைத்தான் கேட்பார். அந்த வழக்காறுகளை இன்றே எழுதி, வரைபடத்தில் குறித்து, பெரியவர்களின் வாக்குமூலத்தோடு பாதுகாக்கும் வேலை ஒரு வழக்கறிஞருக்கு வாழ்நாள் துறையாகப் போதும். யாரும் இன்னும் அதைத் தொடங்கவில்லை என்றால், மேத்தா தொடங்கியபோதும் அப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. முதல் ஐந்து ஆண்டு எல்லா வழக்கும் எடுங்கள். பாகப்பிரிவினையில்தான் சாட்சி விசாரணை பழகும், ஜாமீன் மனுவில்தான் சுருங்கப் பேச வரும். சோறு அதிலிருந்து வரட்டும். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு துறையைப் பக்கத்தில் வைத்து வளர்த்து வாருங்கள். தினம் ஒரு மணி நேரம் போதும். கடற்கரை மண்டல வரைபடம் பொதுவில் இருக்கிறது, உங்கள் தாலுகாவுக்கு உரிய தாளை எடுத்து, சர்வே எண்களோடு ஒப்பிட்டுப் பழகுங்கள். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கரையோர வழக்குகளில் சொல்லும் உத்தரவுகளைத் தொடர்ந்து படியுங்கள். ஒரே ஆள் எல்லாக் கடலோரச் சட்டத்தையும் சுமக்கவும் வேண்டாம். மூன்று நண்பர்கள் சேர்ந்து பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் நிலமும் கடற்கரை மண்டலமும், ஒருவர் வன உயிரினமும் மீன்பிடிச் சட்டமும், ஒருவர் எல்லை தாண்டிய வழக்குகள்.

அந்த மூன்றாவது ஆள் மிக அவசரமாகத் தேவை. இலங்கையில் ஊர்காவற்துறையிலோ மன்னாரிலோ நாம் வக்காலத்துப் போட முடியாது. ஆனால் இலங்கையின் 1979-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் படகுச் சட்டத்தை 2018-ல் எப்படிக் கடுமையாக்கினார்கள், அபராதம் எவ்வளவு ஏறியது, பிடிபட்ட படகுக்கு உரிமை கேட்டு உரிமையாளர் அந்த நீதிமன்றத்தில் எப்போது நிற்க வேண்டும், நிற்காவிட்டால் படகு என்னாகும் என்றெல்லாம் தெரிந்த ஒருவர் இங்கே இருந்தால், முதல் நாளிலேயே காகிதங்கள் தயாராகும். இப்போது குடும்பங்கள் செய்வது கலெக்டர் அலுவலகத்து வாசலில் மனுவோடு நிற்பது.

காசு அதிகம் வராது, உண்மைதான். ஆனால் அறவே வராது என்பதும் சரியில்லை. படகு உரிமையாளர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் ஆலோசனை தேவைப்படுகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும், காவலில் உள்ளவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச சட்ட உதவி உரிமையாகவே இருக்கிறது. அந்த உதவி தரும் வழக்கறிஞர் பட்டியலில் சேருங்கள். கட்டணம் குறைவு, ஆனால் வழக்குகள் உங்களைத் தேடி வரும், துறை உங்கள் கையில் முற்றும்.

ஊர் மக்களுக்கு ஒரு வார்த்தை. வக்கீலிடம் போகும்போது, "அய்யா நல்லவரா?" என்று மட்டும் விசாரிக்காதீர்கள். "இந்த மாதிரி வழக்கு முன்னால் நடத்தியிருக்கிறீர்களா? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை நாள் கெடு?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல வக்கீல் கோபப்பட மாட்டார். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்பி வைப்பார். பெரிய திட்டம் எதற்காவது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி உங்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அறிவிப்பு வந்த அன்றே அந்தத் தாளைக் கோவில் சுவரில் ஒட்டுங்கள், மறுநாளே வக்கீலைப் பாருங்கள். ஜேசிபி வரும் வரை காத்திருக்காதீர்கள்.

கடைசியாக மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது. 2017-ல் இராமநாதபுரத்துக்கு அரசு சட்டக் கல்லூரி வந்தது. இந்த மாவட்டத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறீர்கள். மோர்ப்பண்ணையும் முள்ளிமுனையும் திருப்பாலைக்குடியும் காரங்காடும் உங்களுக்குப் பேருந்தில் கொஞ்ச நேரம்தான். இந்த விடுமுறையில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஏதாவது ஒரு கரைக்குப் போங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து, படகுத்துறை முதல் கழிமுகம் வரை யார் எங்கே என்ன முறையில் தொழில் செய்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். சர்வே எண்ணைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததில் ஒரு பிரதியை ஊர்க் கமிட்டியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களில் யாருக்கு அந்த நோட்டை மூடி வைக்க மனசு வரவில்லையோ, அவர் இந்தக் கரைக்கு வக்கீலாக வர வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.